மருமகளின் பெயரில் ஒரு புயல்

வோபர்ன், ரொறன்ரோ
புரட்டாதி 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

மடுமாதா புண்ணியத்தில் நானும் ஜூலியசும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் றோஸ்மேரி மச்சாளும் எப்படி? உங்கள் முழங்கால் வலிக்கு அனுப்பிய தைலம் கிடைத்ததா என்று மச்சாளிடம் ரெலிபோனில் கேட்டேன். "ஓம், ஓம்" என்றா. எதைக் கேட்டாலும் அவ அப்படித்தானே சொல்லுவா. சண்டைக் காலத்துச் செல்லடியில் உங்கள் காது போன பிறகு உங்களோடு கதைப்பதென்றால் எனக்கு இந்தக் கடிதம்தான். "இந்தக் காலத்தில ஆர் கடிதம் எழுதுறது?" என்று ஜூலியஸ் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

உங்கள் மருமகள் நேற்று பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் ஓடிவந்தாள். புவியியல் ரீச்சர் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தாவாம். ஒவ்வொருவரும் தங்கள் பெயரில் எப்போதாவது புயல் வந்திருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டுமாம். மற்றப் பிள்ளைகள் தேடிக்கொண்டிருக்க, எங்கள் செரீனா எழும்பி நின்று, "என்ர பெயரில இனித்தான் வரப்போகுது. இந்து சமுத்திரத்து லிஸ்ட்டில இருக்கு. என்ர மாமாதான் குடுத்தவர்" என்றாளாம். ஒருவரும் நம்பவில்லை. கொம்பியூட்டரில் எடுத்துக் காட்டினாளாம். ரீச்சர் கை தட்டினாவாம்.

"அம்மா, எப்ப வரும்? எனக்கு முன்னால எத்தினை பெயர் இருக்கு?" என்று கேட்டபடி இருக்கிறாள். அந்தப் பெயரை எப்படிக் கொடுத்தீர்கள் என்பது எனக்கும் மறந்துபோயிற்று. பிள்ளைக்கு விளங்கும்படி எழுதுங்கள்.

உங்கள் உடம்பைக் கவனியுங்கள். மச்சாளுக்கு என் முத்தங்கள்.

அன்புத் தங்கச்சி,
பேர்ணடெற்

*

மன்னார்
ஐப்பசி 7

அன்புத் தங்கச்சிக்கு,

ஆண்டவர் கிருபையில் இருவரும் நலம். தைலம் வந்தது. மணம் நல்லது, வலி அப்படியே இருக்கிறது.

மருமகள் கேட்டதற்குப் பதில். நான் அரசாங்க அதிபரின் கச்சேரியில் கிளாக்காக இருந்த கடைசிக் காலத்தில் கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் ஒவ்வொன்றும் புயல்களுக்குப் பெயர் கொடுக்க வேண்டுமாம். சின்னப் பெயராக, எந்த நாட்டான் வாயிலும் நுழைவதாக, ஒருவர் மனதையும் புண்படுத்தாததாக இருக்க வேண்டும். எங்கள் கந்தோரில் எல்லோரும் பூவும் பறவையும் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முதல் கிழமைதான் நீங்கள் இங்கே வந்து போயிருந்தீர்கள். செரீனா எங்கள் கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, வருகிற அலை ஒவ்வொன்றையும் பார்த்து "ஸ்ரொப்!" என்று கத்தினாளே, ஞாபகமா? அது என் கண்ணுக்குள் நின்றது. அவள் பெயரை எழுதினேன். பகிடியாகத்தான் எழுதினேன். என் முப்பது வருட உத்தியோகத்தில் நான் எழுதிக் கொடுத்த ஒன்றை மேலிடம் ஏற்றுக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

பெயர்கள் நாட்டு வரிசைப்படி வரும். அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு இருக்கின்றன என்று சொல்.

குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

அன்பு அண்ணன்,
நீக்கிலாஸ்

மச்சாள், இவர் தைலத்தை ஒழுங்காப் பூசுறேல்லை. செரீனாவுக்கு மாமியின்ர கொஞ்சல். கறுத்தக் கொழும்பான் மாமரம் இந்த முறை நல்லாப் பூத்திருக்கு. றோஸ்மேரி.

*

வோபர்ன்
ஐப்பசி 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதமும் அடியில் மச்சாள் எழுதிய வரிகளும் கிடைத்துச் சந்தோசம். நாங்கள் சுகம்.

முன்னால் இருந்த இரண்டில் ஒன்று போய்விட்டது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். வங்காளப் பக்கம் போன புயல். செரீனா அதை நாள்தோறும் லப்ரொப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள். சனம் செத்த பிறகு பேப்பர்களில் எழுதுகிற விதத்தைப் பார்த்தீர்களா அண்ணா? இன்ன பெயர் இத்தனை பேரைப் பலியெடுத்தது, இன்ன பெயர் வெறியாட்டம் ஆடியது என்று ஒரு மனிசியைப் பற்றி எழுதுவது போல எழுதுகிறார்கள். அவள் அதையெல்லாம் வாசித்திருக்கிறாள்.

வகுப்பில் மாக்கஸ் என்றொரு பெடியன் இருக்கிறான். கெட்டவன் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்து ரோல்ஸ் சாப்பிட்டவன். அவன் எல்லோர் முன்னாலும், "நீ எத்தினை பேரைக் கொல்லப்போறாய்?" என்று கேட்டானாம். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. தானும் சிரித்ததாகத்தான் சொன்னாள். ஆனால் இப்போது காலையில் பல்லுத் தீட்டுவதற்கு முன் அந்தக் கடலின் படத்தைத் திறந்து பார்க்கிறாள். சாப்பாடு கொஞ்சம் குறைவு. வளருகிற வயது, அப்படித்தான் இருக்கும்.

அண்ணா, கொடுத்த பெயரைத் திருப்பி எடுக்க ஏலாதா? ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். பிள்ளைக்காக மட்டும் கேட்கவில்லை. எனக்கும் ஏதோ போல இருக்கிறது. நீங்கள் இருப்பது கடற்கரையில்.

அன்புத் தங்கச்சி,
பேர்ணடெற்

*

மன்னார்
கார்த்திகை 14

அன்புத் தங்கச்சிக்கு,

நலமாகவே இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ சொன்னபடி என் பழைய கந்தோரால் கொழும்புக்கு ஈமெயில் எழுதுவித்தேன். பதில் வந்தது. எல்லா நாடும் சேர்ந்து ஒத்துக்கொண்ட பட்டியலாம், ஒரு ஆளுக்காக மாற்ற முடியாதாம். அது நியாயம்தான். அறுபத்து நாலாம் ஆண்டுப் புயலுக்குப் பெயர் இல்லை. அப்போது எனக்குச் சின்ன வயது. எந்தப் புயல், எங்கே வருகிறது என்று ஒருவருக்கும் தெளிவாகத் தெரியாது. றோஸ்மேரியின் பெரியப்பா அன்றைக்குத்தான் வலை இழுக்கப் போனார். இன்றைக்கென்றால் றேடியோவில் ஒரு பெயரைச் சொன்னதும் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும், படகு இறங்காது. பெயர் வைப்பது சனம் தப்பட்டும் என்றுதான். இதை மருமகளுக்குச் சொல். காற்றுக்குத் தன் பெயர் என்னவென்று தெரியாது என்றும் சொல்.

இரண்டாவது பெயரும் போன கிழமை முடிந்தது. அது கடலுக்குள்ளேயே கரைந்து போயிற்று. ஒருவருக்கும் ஒரு சேதமும் இல்லை. எங்கள் பிள்ளையினதும் அப்படித்தான் போகும்.

பனி வழுக்கும், பார்த்து நடவுங்கள்.

அன்பு அண்ணன்,
நீக்கிலாஸ்

செரீனாக் குட்டி, உன்ர புயல் வந்தால் மாமி கதவைத் திறந்து, இருத்தி, தேத்தண்ணி குடுத்துத்தான் அனுப்புவன். நீ பயப்பிடாமல் சாப்பிடு. றோஸ்மேரி மாமி.

*

வோபர்ன்
மார்கழி 2

அண்ணா,

சுகம் விசாரித்து எழுத இன்றைக்கு எனக்குக் கை வரவில்லை. இது உங்கள் கையில் சேரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும் என்று தெரியும். தெரிந்துகொண்டும் எழுதுகிறேன். வேறென்ன செய்ய?

தாழமுக்கம் என்றுதான் முதலில் சொன்னார்கள். நேற்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜூலியஸ் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். ரிவியில் தமிழ்ச் செய்தி போய்க்கொண்டிருந்தது. "செரீனா மன்னாரை நோக்கி விரைகிறது" என்று அந்தப் பெண் வாசித்தா. நான் ஓடிப்போய் ரிவியை நிறுத்த முதல் பிள்ளை அறைவாசலில் வந்து நின்றாள். அவள் அழவில்லை. "அம்மா, அது ஏன் மாமா வீட்ட போகுது?" என்று மட்டும் கேட்டாள்.

அதிலிருந்து சட்டையின் கையைக் கடித்துக்கொண்டு அந்தப் படத்தின் முன்னால் இருக்கிறாள். வெள்ளைச் சுருள் ஒன்று, நடுவில் ஒரு கண். பக்கத்தில் அவள் பெயர். லப்ரொப்பைப் பூட்டு என்றால் பூட்டுகிறாள் இல்லை. "நான் பாத்துக்கொண்டு இருந்தால் அது திரும்பும்" என்கிறாள். எனக்கு அவளைப் பார்க்கவும் பயம், படத்தைப் பார்க்கவும் பயம்.

இன்று விடிய மச்சாள் ரெலிபோன் எடுத்தா. அங்கே பின்னேரம். "மச்சாள், காத்து இப்பத்தான் எழும்புது. பள்ளிக்கூடத்தில சனம் சேருது. உங்கட அண்ணாவையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுறம்" என்றா. பிள்ளையின் விசயத்தை அவவுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லியிருந்தேன். அதனால் ரெலிபோனை அவளிடம் கொடுக்கச் சொன்னா. என்ன சொன்னா என்று தெரியாது. பிள்ளை "ஓம் மாமி, ஓம் மாமி" என்று மட்டும் சொன்னாள். பிறகு ஏதோ தகரம் பறக்கிற சத்தம் கேட்டதாம். பிறகு ஒன்றும் கேட்கவில்லையாம்.

அப்போதிருந்து மச்சாளின் நம்பரை அடித்துக்கொண்டிருக்கிறேன். மணி போகவில்லை.

மாதாவே.

பேர்ணடெற்

*

வோபர்ன்
மார்கழி 7

அண்ணா,

ஒரு வரி போதும். யாரையாவது கொண்டு ஒரு வரி எழுதுவியுங்கள்.

ரெலிபோன் கோபுரங்கள் விழுந்துவிட்டன என்கிறார்கள். பங்குச் சுவாமியின் நம்பரும் வேலை செய்யவில்லை. உங்களுக்கு ஒலிபெருக்கி கேட்காதே, யாராவது கத்தினாலும் கேட்காதே, மச்சாள் பக்கத்தில் இருப்பாதானே என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு திரிகிறேன். வேலை செய்கிற பேக்கரியில் ரொட்டித் தட்டை மறந்து கருக்கிப்போட்டேன்.

வீட்டில் செய்தி பார்ப்பதை நிறுத்திவிட்டோம். பள்ளிக்கூடத்தில் அப்படிச் செய்யச் சொன்னார்கள்.

தங்கச்சி

*

மன்னார்
மார்கழி 12

அன்புத் தங்கச்சிக்கு,

பயப்படாதே. உயிரோடு இருக்கிறேன். கூரை போய்விட்டது. மாமரம் சரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். சாப்பாடு தருகிறார்கள். ரெலிபோன் தண்ணீரில் போயிற்று.

றோஸ்மேரிக்குக் கையில் அடி. அதனால் எழுதவில்லை.

பிள்ளையைச் சாப்பிடச் சொல்.

நீக்கிலாஸ்

*

வோபர்ன்
தை 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் மெயில் பெட்டிக்கு முன்னாலேயே முழந்தாளில் இருந்துவிட்டேன். மேல்மாடிச் சீன மனிசி வந்து தூக்கிவிட்டா. ஆண்டவருக்கு நன்றி. மச்சாளின் கை எப்படி? எலும்பு முறிவா? எந்தக் கை? நன்றாக ஆறும் வரைக்கும் தண்ணீர் தூக்க விடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை செரீனாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அன்றைக்கு ஒரு முழுத் தோசை சாப்பிட்டாள். பிறகு, "வேற ஆக்கள்?" என்று கேட்டாள். உங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

நத்தார்ப் பண்டிகைக்கு முன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. சின்ன விசயம். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள்.

உங்கள் பக்கத்து வீட்டு மெலனியின் நம்பர் ஒருவழியாகக் கிடைத்து எடுத்தேன். "எல்லாரும் சுகம் அன்ரி, மாமி படுத்திருக்கிறா" என்று சொல்லிவிட்டு, கதைத்துக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டாள். கம்பி அறுந்ததோ என்னவோ. மச்சாளை ஒருதரம் அந்த நம்பரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளை அவவின் குரலைக் கேட்டால் தேறிவிடுவாள்.

அன்புத் தங்கச்சி,
பேர்ணடெற்

*

மன்னார்
தை 20

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நீங்கள் நலமாக இருங்கள்.

வீட்டுக்குக் கூரையாகத் தறப்பாள் கட்டியாயிற்று. கிணற்று உப்புத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிறோம். பெடியன்கள் உதவிக்கு வருகிறார்கள்.

றோஸ்மேரி வவுனியாவில், தங்கச்சி வீட்டில். அங்கே வைத்தியம் வசதி. ரெலிபோன் எடுக்க வசதியில்லை. வந்த பிறகு பார்ப்போம்.

சின்னவளுக்கு என்ன வருத்தம் என்று நீ எழுதவில்லை. அவள் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு அது போதும்.

நீக்கிலாஸ்

*

வோபர்ன்
மாசி 9

அண்ணா,

வவுனியாவில் மச்சாளுக்குத் தங்கச்சி இல்லை. அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். அவவின் தங்கச்சி பிலோமினா செத்து எத்தனையோ வருசம். அண்ணாவுக்கு ஞாபகம் பிசகுகிறது, அதிர்ச்சியில் எழுதிவிட்டார் என்று என்னை நானே ஏமாற்றினேன். ரெலிபோனை எடுத்து யாரையாவது கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இதுதான் உண்மை.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோக் கோயிலில் மன்னார் ஆட்கள் புயலில் செத்தவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்கள். அது எங்களுக்குத் தெரியாது. வழமையான பூசை என்று நினைத்து மூன்று பேரும் போனோம். பிள்ளை பல நாட்களுக்குப் பிறகு தலையிழுத்துப் பின்னி, சிவப்புச் சுவெற்றர் போட்டு, தானாக வந்தாள். மன்றாட்டு நேரம் ஒரு தம்பி கடதாசியோடு எழும்பினார். "செரீனா புயலில் உயிரிழந்த எமது உறவுகள்" என்று தொடங்கினார். பிள்ளை என் கையைப் பிடித்தாள். எழும்பிப் போவோம் என்று நினைத்தும் நான் எழும்பவில்லை. அவர் ஒவ்வொரு பெயராக வாசிக்க, சனம் "ஆண்டவரே, இவரை ஏற்றுக்கொள்ளும்" என்று சொல்லிக்கொண்டே வந்தது. நானும் சொன்னேன். "றோஸ்மேரி நீக்கிலாஸ்" என்று வாசித்தார். என் வாய் அதற்கும் சொல்லி முடித்துவிட்டது அண்ணா. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

பக்கத்தில் பார்த்தால் பிள்ளை இல்லை.

ஜக்கெற் அவள் இருந்த வாங்கிலேயே கிடந்தது. வெளியே மைனஸ் பதினெட்டு. நானும் ஜூலியசும் மார்க்கம் றோட்டில் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். என் சப்பாத்து ஒன்று ஸ்னோவுக்குள் புதைந்து நின்றுவிட்டது. ஒரு பஸ் தரிப்பிடத்துக் கண்ணாடிக்குப் பின்னால், சிவப்புச் சுவெற்றர் தெரிந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. என்னைக் கண்டதும், "கிட்ட வராதேங்கோ அம்மா, உங்களுக்கும் ஏதும் நடக்கும்" என்றாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை. நான் பெற்ற பிள்ளை.

நானும் உங்களுக்கு மறைத்தேன். சாப்பாடு கொஞ்சம் குறைவு என்று எழுதினேனே, அவள் சாப்பிடுவதையே விட்டிருந்தாள். சின்ன விசயம் என்று எழுதினேனே, வகுப்பில் மயங்கி விழுந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சோதனைத் தாளில் பெயர் எழுத மறுக்கிறாள். ரீச்சர் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். இப்போது வீட்டில் கதவைப் பூட்ட விடாமல் நானும் ஜூலியசும் மாறி மாறிப் பக்கத்தில் இருக்கிறோம்.

உங்கள் மனிசி செத்து இரண்டு மாதமாக நீங்கள் தனியாக அழுதிருக்கிறீர்கள். நான் கையில் என்ன காயம் என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். எப்படி அண்ணா மனம் வந்தது? என்ன நடந்தது என்று எழுதுங்கள். எனக்கு வேண்டாம், அவளுக்கு எழுதுங்கள். நான் இனி என்ன சொன்னாலும் அவள் நம்பப் போவதில்லை.

பேர்ணடெற்

*

மாசி 15

அன்புள்ள மாமா,

நான் சுகம் இல்லை. நீங்கள் சுகமா? அம்மா இப்பிடித்தான் தொடங்க வேணும் எண்டு சொன்னவ. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில படிச்ச தமிழ், பிழை இருந்தால் சொறி, மன்னியுங்கோ.

மாமி கடைசியா என்னோட போனில கதைச்சவ. "நீ அங்க ஒழுங்காச் சாப்பிடு, நான் இங்க எல்லாத்தையும் பாத்துக்கொள்ளுறன்" எண்டு சொன்னவ. பிறகு சத்தம் வந்தது. நான் போனை அம்மாட்ட குடுக்காமல் கன நேரம் வைச்சுக்கொண்டு இருந்தனான். நான் கதைச்சபடியால் மாமி லேட்டா வெளிக்கிட்டவவா? இதை நான் ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை. டொக்டரிட்டயும் கேக்கேல்லை.

மாமிக்குப் பயமா இருந்ததா? என்ர பெயரைச் சொன்னவவா? பொய் சொல்ல வேண்டாம் மாமா. அம்மாவும் நீங்களும் பொய் சொன்னீங்கள். பொய் சொன்னால் எனக்கு இன்னும் பயம் கூடும்.

நான் பெயரை மாத்தப் போறன். அப்பா ஓம் எண்டு சொல்லிட்டார். பேப்பர் எல்லாம் எடுத்து வைச்சிருக்கிறார். நீங்கள்தான் அந்தப் பெயரைக் குடுத்தனீங்கள், அதால உங்களிட்டக் கேக்கிறன். நீங்களும் ஓம் எண்டு சொல்லுங்கோ. சொன்னால் அது நிக்கும் எண்டு நினைக்கிறன்.

என்னோட கோவமா?

உங்கள் மருமகள்

*

மன்னார்
பங்குனி 6

என் அன்பு மருமகள் செரீனாவுக்கு,

உன் கடிதம் வந்தது. தமிழில் ஒரு பிழையும் இல்லை. நானும் சுகம் இல்லை. அதனால் இருவரும் உண்மையைச் சொல்லித் தொடங்குவோம்.

நீ கேட்டபடி நடந்ததை எழுதுகிறேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

நீயும் மாமியும் கதைத்தபோது நான் முற்றத்தில் ஆட்டை அவிழ்த்து விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுத் தகரம் பறந்து எங்கள் மதிலில் அடித்தது. எனக்குக் கேட்கவில்லை, கண்டேன். மாமி ரெலிபோனை மடிக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தா. வந்த பிறகும் நாங்கள் உடனே போகவில்லை. ஆடு ஒன்று ஓட மறுத்தது. அதைத் துரத்தினேன். பிறகு வீட்டைப் பூட்டத் திறப்பைத் தேடினேன். நீ கதைத்ததால் பிந்தவில்லை. பிந்தியது என்னாலும் இல்லை, ஆட்டாலும் இல்லை. எங்களுக்குப் பிறகு வெளிக்கிட்டவர்களும் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள். முன்னே போனவர்களில் இருவர் சேரவில்லை.

றோட்டில் போகும்போது எங்களுக்கு ஒரு வழக்கம். எனக்குக் காது கேளாது என்பதால் நான் முன்னே நடப்பேன். மாமி பின்னால் என் சேட்டின் முதுகுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வருவா. இடது பக்கம் இழுத்தால் வாகனம் வருகிறது என்று அர்த்தம். இரண்டு தரம் இழுத்தால் நில். அன்றைக்கும் அப்படித்தான் போனோம். மழை முகத்தில் அடித்து வழி தெரியவில்லை. கோயில் வளவுக்குப் பக்கத்தில் ஒருதரம் என்னை நிறுத்தி, முன்னால் வந்து, வாயை அசைத்துச் சொன்னா. "செருப்பைக் கழட்டிப்போட்டு நடவுங்கோ, வழுக்குது." அதுதான் கடைசியாகச் சொன்னது. உன் பெயரைச் சொல்லவில்லை. ஆண்டவரின் பெயரையும் சொல்லவில்லை. பயந்தாவா என்று கேட்டாய். பயந்தா. முகத்தில் தெரிந்தது. எனக்கும் பயம். ஆனால் அவ பயந்தது காற்றுக்கும் மரத்துக்கும். உனக்கு இல்லை.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். கொஞ்சத் தூரம் போன பிறகு சேட்டில் பிடி இல்லை. முந்தானையைச் சரிசெய்கிறாவாக்கும் என்று நினைத்து இன்னும் சில அடி நடந்தேன். பிறகுதான் திரும்பினேன். பனை ஒன்று றோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது, மாமி அதன் கீழே. அவ்வளவு பெரிய மரம் எனக்குப் பின்னால் விழுந்திருக்கிறது, எனக்கு ஒரு சத்தமும் இல்லை. அவ கூப்பிட்டிருப்பாவோ, கூப்பிட நேரமிருந்ததோ, அது எனக்கு எப்போதும் தெரியப்போவதில்லை. இதை நான் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. நீ ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு இருந்ததை எனக்குச் சொன்னாய். அதனால் நான் இதை உனக்குச் சொல்கிறேன்.

நீ சாப்பிடுவதில்லை என்பதை மாமி என்னிடம் எழுதிக் காட்டியிருந்தா. "பிள்ளைக்கு ஒரு கெட்ட செய்தியும் போகக்கூடாது" என்று அடிக்கோடிட்டு எழுதினா. அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் பொய் எழுதினேன். மெலனியையும் பொய் சொல்ல வைத்தேன். இனி எழுத மாட்டேன்.

மூன்று மாதமாக உன் பெயரை நான் எழுதவில்லை என்பதைக் கண்டிருப்பாய். கோபத்தால் அல்ல. பேனையை வைத்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். இங்கே சனமும் என் முன்னால் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, "அந்தக் காத்து" என்கிறார்கள். இன்றைக்கு இந்தக் கடிதத்தின் முதல் வரியில் எழுதினேன். எழுதியபோது கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற பிள்ளைதான் கண்ணில் வந்தாள். புயல் வரவில்லை.

இனி நீ கேட்ட அனுமதி. ஓம். மாற்ற வேண்டுமென்றால் மாற்று. என்ன பெயர் வைத்தாலும் நான் அதைச் சொல்லிக் கூப்பிடுவேன். ஆனால் மாற்றினால்தான் அது நிற்கும் என்று நினைத்து மாற்றாதே. அது நின்று முடிந்துவிட்டது. இந்தக் கடலில் ஒரு தரம் வைத்த பெயரைத் திரும்ப எந்தப் புயலுக்கும் வைப்பதில்லை. அதுதான் ஒழுங்கு. அடுத்ததற்கு வேறொரு நாடு கொடுத்த வேறொரு பெயர் காத்திருக்கிறது. இனி யாராவது செரீனா வருகிறாள் என்று சொன்னால், நீ வருகிறாய் என்றுதான் அர்த்தம்.

எனக்கு இப்போதும் பயம். காது கேளாதவனுக்குக் காற்று தோலில்தான் தெரியும். தறப்பாள் கொஞ்சம் அசைந்தாலும் எழும்பி உட்கார்ந்துவிடுகிறேன். பின்னால் சேட்டை இழுக்க ஆளில்லாததால் றோட்டில் நூறு தரம் திரும்பிப் பார்க்கிறேன். பெரியவனாக இருந்து உனக்குத் தைரியம் சொல்லத்தான் வேண்டும். என்னிடம் இல்லாததை எப்படி அனுப்புவது?

அதனால் ஒன்று செய்வோம். உனக்குப் பயம் வருகிற நாளில் எனக்கு எழுது. எனக்கு வருகிற நாளில் நான் உனக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூட விடுமுறைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. கடலுக்கு நான் இன்னும் போகவில்லை. போவதென்றால் துணை வேண்டும்.

இப்போது போய்ச் சாப்பிடு. நானும் அடுப்பில் கஞ்சியை வைத்துவிட்டுத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் மாமா,
நீக்கிலாஸ்